ஏடிஹெச்டி சிகிச்சை: "ஆய்வு சொல்கிறது" என்றால் என்ன கேட்பது?

குழந்தைக்கு ஏடிஹெச்டி என்று டாக்டர் சொன்னதுமே நாலா பக்கமிருந்தும் ஆலோசனைகள் வரத் தொடங்கிவிடும். மாத்திரை வேண்டாம், பழகிப்போய்விடும் என்பார் ஒருவர். சர்க்கரையை நிறுத்திப் பாருங்கள் என்பார் இன்னொருவர். வல்லாரை, மீன் எண்ணெய், மூளை அலைப் பயிற்சி, யோகா என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு வரியும் இருக்கும். பல நேரம் அது பொய்யாகவும் இருக்காது. ஏதோ ஓர் ஆய்வு நடந்துதான் இருக்கும். அது எப்படி நடந்தது, எதை அளந்தது, எத்தனை நாள் நீடித்தது என்று கேட்கத் தெரிந்துவிட்டால், எதற்குப் பணமும் நேரமும் கொடுப்பது என்று முடிவெடுப்பது கொஞ்சம் எளிதாகும். அதற்குப் புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ஏடிஹெச்டி என்பது கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதிலும், துடிப்பையும் அவசரத்தையும் கட்டுக்குள் வைப்பதிலும் உள்ள நீண்டகாலச் சிரமம். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோர் ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார்கள். நேரடியாகப் பேசும்போதும் காது கொடுப்பதில்லையா? பொருள்களைத் தொலைக்கிறானா? அடிக்கடியா, எப்போதாவதா? சிகிச்சை பலன் தந்ததா என்பதையும் பெரும்பாலும் இதே தாளை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆகவே ஏடிஹெச்டி பற்றி எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: தாளை யார் நிரப்பினார், நிரப்பும்போது அவருக்கு என்ன தெரிந்திருந்தது?

ஏன் இது இவ்வளவு முக்கியம் என்பதை 1994இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு அழகாகக் காட்டுகிறது. சர்க்கரை சாப்பிட்டால் என் பையன் கட்டுக்கடங்காமல் போய்விடுகிறான் என்று சொன்ன தாய்மார்களையும், 5 முதல் 7 வயது வரையிலான அவர்களின் 35 மகன்களையும் வரவழைத்தார்கள். எல்லாச் சிறுவர்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத, செயற்கை இனிப்பு கலந்த பானம். ஆனால் ஒரு பகுதித் தாய்மார்களிடம் மட்டும், உங்கள் மகனுக்கு நிறைய சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று சொன்னார்கள். அந்தத் தாய்மார்கள் தங்கள் பிள்ளை அதிகத் துடிப்போடு இருப்பதாக மதிப்பிட்டார்கள். வீடியோவில் பார்த்தபோது, அவர்கள் பிள்ளையை விட்டு நகராமல் கூடவே இருந்து கட்டுப்படுத்தியதும் தெரிந்தது. அடுத்த ஆண்டு, சர்க்கரை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்று முடித்தது. அந்தத் தாய்மார்களைக் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை. நாம் யாராக இருந்தாலும் எதிர்பார்ப்பதைத்தான் பார்ப்போம். கெடுதலை எதிர்பார்த்தால் கெடுதல் தெரியும். மூன்று மாதம் பணம் கட்டி, வாரத்துக்கு இரண்டு முறை குழந்தையைக் கூட்டிக்கொண்டு அலைந்த பிறகு நல்லதை எதிர்பார்த்தால், நல்லது தெரியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிலைமை மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் யாரும் உதவி தேடிப் போவோம். மோசமான வாரத்துக்குப் பின் பெரும்பாலும் சற்று நல்ல வாரம் வரும். மூன்றாம் நாள் தானாக இறங்கவிருந்த காய்ச்சலுக்கு இரண்டாம் நாள் குடித்த கஷாயம் பேர் வாங்கிக்கொள்வதுபோல், அந்த வாரம் தொடங்கிய சிகிச்சை பேர் வாங்கிவிடும். குழந்தைக்கும் வயது கூடிக்கொண்டே இருக்கிறது; ஓடியாடும் துடிப்பு பலருக்கு வயதோடு குறையும். இதனால்தான் "நூறு குழந்தைகளுக்குக் கொடுத்தோம், எழுபது பேருக்குக் குணம் தெரிந்தது" என்பது சான்று ஆகாது. கொடுக்காத நூறு பேரில் எத்தனை பேருக்குக் குணம் தெரிந்தது என்று உடனே கேட்க வேண்டும். நல்ல ஆய்வில் யாருக்குச் சிகிச்சை, யாருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் பிரிப்பார்கள். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் மதிப்பெண் போடுபவருக்கும் எது யாருக்கு என்று தெரியாமல் மறைத்துவைப்பார்கள்.

மாத்திரையில் மறைப்பது எளிது. பயிற்சிகளில் கடினம். பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியில் சேர்ந்த அம்மாவுக்குத் தான் சேர்ந்தது தெரியாமலா இருக்கும்? உளவியல் ஆய்வாளர் எட்மண்ட் சொனுகா-பார்க் தலைமையிலான குழு 2013இல் இதை நேருக்கு நேர் சோதித்தது. மருந்தில்லாச் சிகிச்சைகள் பற்றிய 54 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு ஒரே கணக்கை இரண்டு விதமாகப் போட்டார்கள். முதலில், சிகிச்சைக்கு மிக அருகில் இருந்தவர்கள், அதாவது பெரும்பாலும் பெற்றோர், கொடுத்த மதிப்பெண்களை வைத்து. பிறகு, சிகிச்சை நடந்தது தெரியாதவர்கள் கொடுத்த மதிப்பெண்களை வைத்து. முதல் கணக்கில் உணவுக் கட்டுப்பாடு, நிறமி நீக்கம், கொழுப்பு அமிலம், நினைவாற்றல் பயிற்சி, மூளை அலைப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி ஆகிய ஆறுமே பலனுள்ளதாகத் தெரிந்தன. இரண்டாவது கணக்கில் தேறியவை இரண்டு மட்டும்: ஒமேகா போன்ற கொழுப்பு அமிலங்கள், செயற்கை நிறமிகளை நீக்குவது. அவற்றில் கொழுப்பு அமிலத்தின் பலன் மிகச் சிறியது.

இங்கே அவசரப்பட்டு, அப்படியென்றால் பெற்றோர் பயிற்சி வீண் என்று சொல்லிவிடக் கூடாது. அந்தக் கணக்கு அளந்தது ஏடிஹெச்டியின் மைய அறிகுறிகளை: கவனம், துடிப்பு, அவசரம். அதே ஆய்வுக் குழுவினர் 2014இல் வேறு கேள்விகளைக் கேட்டார்கள். பெற்றோர் நடந்துகொள்ளும் விதம் மாறியதா? குழந்தையின் முரண்டும் சண்டையும் குறைந்ததா? சிகிச்சை விவரம் தெரியாதவர்களின் மதிப்பீட்டிலும் விடை ஆம் என்றே வந்தது. பல குடும்பங்களில் நித்தமும் வாட்டுவது கவனக்குறைவைவிட, காலையில் சட்டை போடவைப்பதில் தொடங்கி இரவு படுக்கப்போவது வரை நடக்கும் போராட்டம்தான். அந்த வீட்டுக்குப் பெற்றோர் பயிற்சி நல்ல சிகிச்சை. கணக்குப் பாடத்தில் பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை என்பதுதான் கவலையென்றால், அதை மட்டும் நம்பியிருப்பது போதாது. "இது வேலை செய்யுமா?" என்று கேட்பதைவிட "இது எதற்கு வேலை செய்யும்?" என்று கேட்பது எப்போதும் அதிகப் பயன் தரும்.

மூளை அலைப் பயிற்சி, அதாவது நியூரோஃபீட்பேக், பெரிய நகரங்களில் அதிகச் செலவு பிடிக்கும் ஒன்று. தலையில் மின்முனைகளை ஒட்டி, திரையில் விளையாட்டுப்போல் ஒன்றை நடத்தி, மூளை அலைகளைக் குழந்தையே மாற்றிக்கொள்ளப் பழக்குவது. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு இதற்குப் போலிப் பயிற்சி ஒன்றையே உருவாக்கியது: அதே மின்முனைகள், அதே விளையாட்டு, ஆனால் திரையில் வருவது அந்தக் குழந்தையின் அலை அல்ல. 7 முதல் 10 வயது வரையிலான 142 குழந்தைகள், ஆளுக்கு 38 அமர்வுகள். முடிவில் நிஜப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கவனம் மேம்பட்டிருந்தது. போலிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் அதே அளவு மேம்பட்டிருந்தது. "எங்கள் மையத்தில் பயின்ற குழந்தைகள் முன்னேறினார்கள்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த முன்னேற்றத்தைத் தந்தது மூளை அலையா என்பதுதான் கேள்வி.

நீர்ப்பிரம்மி விஷயமும் இதே பாதைதான். நம் ஊரில் நினைவாற்றலுக்கென்று தலைமுறைகளாக மதிக்கப்படும் மூலிகை. இந்தியாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் இதைக் கொடுத்தபின் அறிகுறிகள் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. பிறகு ஆஸ்திரேலியாவில் 6 முதல் 14 வயதுச் சிறுவர்களிடம் 14 வாரம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, நடத்தை அறிகுறிகளில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூலிகைமீது மரியாதை இருப்பவர்கள்தான் இப்படிப்பட்ட சோதனையை முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

செயற்கை நிறமி பற்றிய அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டனில், ஏடிஹெச்டி என்று தேர்ந்தெடுக்காத பொதுவான குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், நிறமிகளும் கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் துடிப்பைச் சிறிதளவு கூட்டியது. அதன் விளைவாக 2010 முதல் ஐரோப்பாவில் ஆறு நிறமிகளுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. நம் ஊர் மிட்டாய், பான பாக்கெட்டுகளின் பின்னால் 102, 110, 122, 124 என்ற எண்களைப் பார்த்தால், அந்த நான்கும் இந்த ஆறில் அடங்கியவை. குறைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் இதையே சிகிச்சையாக நினைத்து மற்றதைத் தள்ளிப்போடுவது தவறு.

சரி, மருந்துக்கு வருவோம். 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், நடத்தைச் சிக்கல் உள்ள 30 குழந்தைகளுக்கு ஆம்ஃபெட்டமைன் வகை மருந்தைக் கொடுத்தபோது, ஏறக்குறைய பாதிப் பேரின் பள்ளிப் படிப்பில் பெரிய முன்னேற்றம் தெரிந்ததை எழுதிவைத்தார். அதிலும் ஒப்பிடும் குழு இல்லை. ஆனால் அந்தக் கவனிப்பு அதோடு நிற்கவில்லை. கடுமையான சோதனைகள் பின்னால் வந்தன. 2018இல் சாமுவேல் கோர்டேசேயும் சக ஆய்வாளர்களும், இரு தரப்புக்கும் மறைத்து நடத்திய 133 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பலனையும் பக்கவிளைவையும் சேர்த்து எடைபோட்டு, குறுகிய காலச் சிகிச்சையில் குழந்தைகளுக்கு முதல் தேர்வு மெத்தில்ஃபெனிடேட் என்றும், பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமைன் வகை என்றும் பரிந்துரைத்தார்கள்.

மெத்தில்ஃபெனிடேட் பற்றி 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 185 ஆய்வுகளைப் பார்த்தது. ஆசிரியர்களின் மதிப்பீட்டை 0 முதல் 72 வரை செல்லும் அளவுகோலுக்கு மாற்றிச் சொன்னால், போலி மாத்திரையைவிட 9.6 புள்ளி கூடுதலாக அறிகுறி குறைந்தது. குறைந்தது 6.6 புள்ளி மாறினால்தான் வாழ்க்கையில் வித்தியாசம் தெரியும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அந்தக் குழு, இந்த ஆய்வுகளின் தரம் மிகக் குறைவு, ஆகவே பலனின் சரியான அளவை உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதியது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது: இந்த மருந்து பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கலைக்கும். அதை வைத்தே எந்தக் குழந்தைக்கு நிஜ மருந்து என்று ஊகித்துவிட முடியும், மறைப்பு உடைந்துவிடும். மற்ற ஆய்வாளர்கள் பலர் இந்த மதிப்பீடு தேவைக்கு மேல் கடுமையானது என்று மறுத்தார்கள். நிபுணர்களே இப்படி அடித்துக்கொள்கிறார்களே என்று பெற்றோர் மிரள வேண்டியதில்லை. குறுகிய காலத்தில் அறிகுறி குறைகிறது என்பதை இரு தரப்பும் பார்த்திருக்கின்றன. சண்டை, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதில்.

9.6 என்பது சராசரி என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு குழந்தைக்கு 20 புள்ளி இறங்கியிருக்கும், இன்னொன்றுக்கு எதுவுமே மாறியிருக்காது. உங்கள் குழந்தை எந்தப் பக்கம் என்பதை ஆய்வு சொல்லாது.

அடுத்தது காலம். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் முடிந்தவை. ஆனால் மாத்திரை சில ஆண்டுகள் எடுப்பதாக இருக்கலாம். அந்த இடைவெளியை நிரப்ப நடந்த மிக முக்கியமான முயற்சி, எம்டிஏ என்று அழைக்கப்படும் வட அமெரிக்க ஆய்வு. 1999இல் முதல் முடிவுகள் வந்தன. 7 முதல் 9 வயதுள்ள 579 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கவனமாக அளவு பார்த்து, மாதந்தோறும் கண்காணித்து மருந்து. இரண்டாவது குழுவுக்குப் பெற்றோர், பள்ளி, கோடை முகாம் என்று எல்லாம் சேர்ந்த தீவிர நடத்தைப் பயிற்சி. மூன்றாவதுக்கு இரண்டும். நான்காவது, தங்கள் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சையைத் தேடிக்கொண்டது.

14 மாத முடிவில் மைய அறிகுறிகளைக் குறைப்பதில் மருந்துக் குழுவும் கூட்டுச் சிகிச்சைக் குழுவும் முன்னால் நின்றன. இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. இதை மட்டும் எடுத்துக்கொண்டு மருந்தே போதும் என்றார்கள் பலர். ஆனால் முரண்டு, பெற்றோருடனான உறவு போன்றவற்றில் கூட்டுச் சிகிச்சைக்குச் சில கூடுதல் பலன்கள் தெரிந்தன. அந்தக் குழுவுக்குத் தேவைப்பட்ட மருந்தின் அளவும் குறைவு. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது நான்காவது குழு. அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மருந்துதான் எடுத்தார்கள். ஆனாலும் பின்தங்கினார்கள். முதல் குழுவில் அளவைப் படிப்படியாகச் சரிசெய்தார்கள், அடிக்கடி பார்த்தார்கள், ஆசிரியரிடம் விசாரித்தார்கள். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வரச்சொல்வது வேறு, இது வேறு.

பிறகு நடந்ததுதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் பகுதி. மூன்றாம் ஆண்டு பார்த்தபோது நான்கு குழுக்களுக்கும் இடையே வித்தியாசமே இல்லை. "மருந்து நீண்ட காலத்தில் பயனற்றது என்று ஆய்வு நிரூபித்துவிட்டது" என்று இதை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் 14 மாதத்தோடு ஆய்வின் சிகிச்சை முடிந்துவிட்டது. அதன்பின் அவரவர் விருப்பம். மருந்து எடுத்தவர்களில் பலர் விட்டார்கள், எடுக்காத பலர் தொடங்கினார்கள். குழுக்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மேலும், நான்கு குழுவினருமே தொடங்கிய நிலையைவிட நன்றாகவே இருந்தார்கள். இதிலிருந்து நேர்மையாக எடுக்கக்கூடியது, நன்றாக நடந்த 14 மாதச் சிகிச்சையின் பலன் அதை நிறுத்திய பின்னும் தானாக நீடிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதுதான். உயரம் பற்றியும் இந்த ஆய்வுதான் தெளிவான தகவல் தந்தது: பதின்பருவம் முழுக்கத் தொடர்ந்து மருந்து எடுத்தவர்கள், பெரியவர்களானபோது, விட்டுவிட்டு எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும்விடச் சராசரியாகச் சில சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள்.

நீண்ட காலத்துக்கு வேறொரு வகைச் சான்றும் உண்டு. ஸ்வீடனில் எல்லோருடைய மருந்துச் சீட்டும் மற்ற அரசுப் பதிவுகளும் ஓர் அடையாள எண்ணால் இணைந்திருக்கின்றன. 2012இல் 25,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவைப் பார்த்தபோது, அதே ஆள் மருந்து எடுத்த காலத்தில் குற்ற வழக்குகளில் சிக்குவது, எடுக்காத காலத்தைவிடக் குறைவாக இருந்தது. ஒரே ஆளை அவரோடே ஒப்பிட்டதால் குடும்பம், வறுமை போன்ற வேறுபாடுகள் குறுக்கே வரவில்லை. ஆனால் வாழ்க்கை சற்று ஒழுங்காக இருந்த காலத்தில்தான் அவர் மருந்தையும் ஒழுங்காக எடுத்திருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்தைப் பதிவேடு முழுமையாகத் தீர்க்காது. அதே நாட்டில் 2024இல் வந்த ஆய்வு, பல ஆண்டு மருந்து எடுப்பதோடு உயர் ரத்த அழுத்தம் போன்ற சில இதய, ரத்தநாளப் பிரச்சினைகள் சற்றுக் கூடுவதையும் காட்டியது. நல்லது சொல்லும் பதிவேட்டை நம்பிவிட்டுக் கெட்டது சொல்லும் பதிவேட்டை ஒதுக்குவது நியாயமில்லை. இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பழகிப்போய்விடும் என்ற பயம் பற்றி: சிறுவயதில் இந்த மருந்தை எடுத்தவர்கள் பின்னாளில் குடி, புகை, போதைப்பொருள் பக்கம் அதிகம் போகிறார்களா என்று 15 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் பார்த்தார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்காக மருந்தைக் கண்ட இடத்தில் போட்டுவைக்கலாம் என்று பொருள் இல்லை. இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது, சீட்டு கட்டாயம். மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமைன் போன்ற ஊக்கி வகையில் சேராத அட்டமாக்சிட்டின் என்ற மருந்தும் இங்கே கிடைக்கிறது. சராசரிப் பலன் சற்றுக் குறைவு, முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

வயதும் முடிவை மாற்றும். 5 வயதுக்குக் கீழே பெற்றோர் பயிற்சியைத்தான் முதலில் தர வேண்டும் என்கிறது, சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டி. பெரியவர்களுக்கு மருந்தோடு, சிந்தனைப் போக்கையும் அன்றாட ஒழுங்கையும் திருத்தும் சிபிடி பேச்சுச் சிகிச்சைக்கும் ஓரளவு நல்ல சான்று இருக்கிறது.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போகும்போது, சராசரிக் கணக்கிலிருந்து உங்கள் குழந்தைக்கு இறங்க வேண்டும். எதைத் தொடங்குவதானாலும், எது மாறினால் பலன் என்று சொல்வீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள். "நன்றாக ஆக வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. "வகுப்பில் எழுதுவதை வாரத்தில் மூன்று நாளாவது முடிக்க வேண்டும்", "தம்பியை அடிப்பது குறைய வேண்டும்" என்பதுபோல் இருக்கட்டும். வாண்டர்பில்ட் போன்ற கேள்வித்தாளை டாக்டரே தருவார். தொடங்கும் முன் ஒரு முறையும், பிறகு சில வாரத்துக்கு ஒரு முறையும் வகுப்பாசிரியரை நிரப்பச் சொல்லுங்கள். மருந்தின் அளவு எந்த வாரம் மாறியது என்று ஆசிரியருக்குச் சொல்லாமல் இருந்தால், ஆய்வாளர்கள் சிரமப்பட்டு ஏற்படுத்தும் மறைப்பு உங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்துவிடும். பசி, தூக்கம், எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒரே நோட்டில் குறித்துவாருங்கள். எடை நின்றுபோனால் அதுவும் விளைவுதான். டாக்டர் அளவையோ நேரத்தையோ மருந்தையோ மாற்றலாம்.

மருந்து இன்னும் தேவையா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். டாக்டரின் மேற்பார்வையில் சில நாள் நிறுத்திப் பார்ப்பதும் அதில் ஒரு வழி. நீங்களாக நிறுத்த வேண்டாம். பல பெற்றோர் இதை மே மாத விடுமுறையில் செய்து, பையன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். விடுமுறையில் உட்கார்ந்து எழுத வேண்டிய வேலையும் இல்லை, தாளை நிரப்ப ஆசிரியரும் இல்லை. பருவத்தின் நடுவில், தேர்வு அருகில் இல்லாத ஒரு வாரத்தை டாக்டரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய வாரமும் அந்த வாரமும் அதே ஆசிரியர் அதே தாளை நிரப்பட்டும்.